பஞ்சக்காவின் மேல்முறையீடு

எங்கள் வக்கீலம்மாவின் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அழுவார்கள், மீதிப் பேர் சத்தம் போடுவார்கள். பஞ்சக்கா வந்த அன்று இரண்டையும் செய்யவில்லை. உட்காருவதற்கு முன்னால் நாற்காலியின் மெத்தையைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்திப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, இதுக்குள்ள என்ன அடைச்சிருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

நான் வக்கீல் குமாஸ்தா. மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் படிகளில் வழக்குக் கட்டுகளைச் சுமந்து ஏறி இறங்கியே முழங்கால் தேய்ந்தவன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் வீட்டுக்காரி சொல்வாள். அது பொய். மூக்கு வரைக்கும் போக அதற்கு நேரமே கிடைப்பதில்லை.

"தெரியாதுங்க. தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? உட்காருங்க" என்றேன்.

"அடைச்சவன் நல்லா ஏமாத்தியிருக்கான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலே எனக்கு ஏதோ குத்துகிற மாதிரி இருக்கிறது. இருபது வருஷமாக நிம்மதியாக உட்கார்ந்த நாற்காலி, பாவி மகள் ஒரே அழுத்தில் கெடுத்துவிட்டாள்.

அவளுடைய தொழில் மெத்தை தைப்பது. தலைமுடியிலும் புருவத்திலும் எப்போதும் ஒரு துணுக்குப் பஞ்சு ஒட்டியிருக்கும். அதனால்தான் தெருவே அவளைப் பஞ்சக்கா என்றது. கணவரும் அவளும் சேர்ந்து நடத்திய சின்னக் கடை. கணவர் இறந்த பிறகும் கடையை மூடவில்லை. பஞ்சு அடிப்பது, உறை தைப்பது, தைத்த மெத்தையைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு போய்க் கொடுப்பது, எல்லாம் அவள் ஒருத்திதான். குழந்தை குட்டி கிடையாது. 

அப்படி ஒரு தடவை நலத்துறையின் குழந்தைகள் இல்லத்துக்கு மெத்தைகளைக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறாள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் புது மெத்தையில் ஏறிக் குதித்து விளையாட, ஒரு சின்னப் பெண் மட்டும் ஏறிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கிடந்தாளாம். எழுந்திரு என்று சொன்னால் எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான், பஞ்சக்காவுக்கு வீட்டுக்குப் போயும் அதே நினைப்பு. அந்தப் பிள்ளை யார், அவள் ஆட்கள் எங்கே, எதற்காக அப்படிப் படுத்துக் கிடந்தாள் என்று இல்லத்துக்காரர்களைக் குடைந்தெடுத்திருக்கிறாள். இப்படிப்பட்ட பிள்ளைகளை வீட்டில் வைத்து வளர்க்க ஓர் ஏற்பாடு இருக்கிறது என்று அவர்கள் சொல்ல, மறுநாளே போய் மனுக் கொடுத்தாள். பல மாதம் அலைக்கழித்த பிறகு அந்தப் பெண் அவள் வீட்டுக்கு வந்தாள். பஞ்சக்கா அவளைக் குட்டி என்று கூப்பிட்டாள். குட்டி இவளைப் பெரியம்மா என்று கூப்பிட்டாள்.

இப்போது அந்தக் குட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளப் போகிறோம் என்று நலத்துறை ஆணை போட்டுவிட்டது. கீழ்க்கோர்ட்டும் அது சரி என்று சொல்லிவிட்டது. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யத்தான் எங்களிடம் வந்திருந்தாள்.

"ஆணையில என்ன காரணம் போட்டிருக்காங்க?" என்று வக்கீலம்மா கேட்டார்.

"புள்ளைக்குப் படுக்கை இல்லைன்னு போட்டிருக்காங்கம்மா."

நான் தலையை நிமிர்த்தினேன். "நீங்க மெத்தைக்காரிதானே?"

"அதான் தம்பி நானும் கேக்குறேன்."

நடந்தது இதுதான். வளர்ப்பு வீடுகளை அதிகாரி வந்து பார்ப்பது வழக்கம். இன்ன நாளில் வருகிறோம் என்று பஞ்சக்காவுக்குத் தகவலும் வந்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் அன்று வீட்டைப் பெருக்கி, பிள்ளைக்கு நல்ல சட்டை மாட்டி, அக்கடா என்று உட்கார்ந்திருப்பார்கள். இவள் என்ன செய்தாள் தெரியுமா? அதிகாரி பார்க்கப் போகிறார், குட்டியின் மெத்தை கொஞ்சம் கட்டிதட்டிப் போயிருக்கிறது, பிரித்து அடித்துப் புதுசாகத் தைத்துவிடலாம் என்று விடிந்ததும் தையலைப் பிரித்துவிட்டாள்! அதிகாரிகள் எப்போதுமே சாப்பாட்டுக்கு மேல்தான் வருவார்கள் என்று அவளாக ஒரு நினைப்பு. அந்த அதிகாரியம்மா காலையிலேயே வந்துவிட்டார். கொல்லை முழுக்கப் பஞ்சு. கட்டிலில் வெறும் பலகை. நடுவில் குட்டி, தலையெல்லாம் பஞ்சோடு தும்மிக்கொண்டு நிற்கிறாள். இவளோ மூக்கையும் வாயையும் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு கழியும் கையுமாக நிற்கிறாள். துணியை அவிழ்த்து ஒரு வார்த்தை சொல்வதற்குள், "பார்த்துட்டேம்மா" என்று அவர் கிளம்பிவிட்டார்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. "ஏங்க்கா, வருஷம் பூரா விட்டுட்டு அன்னிக்குப் போயா அதைப் பிரிப்பீங்க? உங்களுக்கு என்ன தலையெழுத்து?" என்று கத்திவிட்டேன்.

"வீட்டுக்கு ஆள் வராங்கன்னா இருக்கறதுல நல்லதைத்தானே காட்டணும்? பிரிச்ச மெத்தையைப் பார்த்தா பிரிச்ச மெத்தைன்னு தெரியாதா தம்பி?"

"தெரியலையே! தெரிஞ்சிருந்தா நீங்க ஏன் இங்க வந்து உட்கார்ந்திருக்கீங்க?"

வக்கீலம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டு கட்டைப் பிரித்தேன்.

தீர்ப்பு வரும்வரை குட்டியை எடுக்கக்கூடாது என்று முதலில் ஓர் இடைக்காலத் தடை வாங்கினோம். அதன் பிறகு தொடங்கியது எனக்குச் சோதனை. பஞ்சக்கா கடையை அடைத்துவிட்டுச் சாயங்காலம் தோறும் அலுவலகத்துக்கு வந்துவிடுவாள். கேள்வி, கேள்வி, கேள்வி. மூணு நீதிபதி எதுக்கு, ஒருத்தர் போதாதா? மூணு பேரும் மூணு விதமா சொன்னா என்ன செய்வீங்க? அந்தக் கறுப்பு அங்கியை யார் துவைப்பாங்க? என் உயிரை வாங்கிவிட்டாள். அவள் அவசரத்துக்குக் காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. தோற்றால் அந்த வாரமே வண்டி வந்து பிள்ளையை ஏற்றிக்கொண்டு போய்விடும். பயத்தில் சிலர் வாயை மூடிக்கொள்வார்கள், இவளுக்கு வாய் திறந்துகொள்ளும்.

வக்கீலம்மா பழைய தீர்ப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். நலத்துறையை எதிர்த்து வந்த மேல்முறையீடுகளில் எங்களுக்கு உதவுகிற மாதிரி எதையாவது மேல்கோர்ட் சொல்லியிருக்கிறதா என்று தேட வேண்டும். கண்பார்வை போன ஒருவருக்குக் கொடுத்து வந்த உதவியை அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் துறை நிறுத்திவிட்ட வழக்கு ஒன்று கிடைத்தது. கேட்காமல் நிறுத்தியது தவறு என்று தீர்ப்பு. வக்கீலம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இது போதும்" என்றார்.

"அந்த ஆளு அப்புறம் என்ன ஆனாரு?" என்று பஞ்சக்கா கேட்டாள்.

"எந்த ஆளு?" என்றேன்.

"கண்ணு தெரியாதவரு. உதவி திரும்பக் கெடைச்சுதா? அவரைப் பார்த்துக்க யாராவது இருந்தாங்களா?"

"அதெல்லாம் தீர்ப்புல இருக்காதுக்கா. தவறுன்னு சொன்னதோட தீர்ப்பு முடிஞ்சிடும்."

"அதெப்படி முடியும்? ஆளு இருக்காருல்ல?"

எனக்குத் தெரியவில்லை. எத்தனை தீர்ப்பைப் படி எடுத்திருப்பேன், எத்தனை தீர்ப்பை நூல் போட்டுக் கட்டியிருப்பேன்! அந்தக் காகிதம் ஒரு வீட்டுக்குள் போனதும் அங்கே என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போது அந்தக் கண் தெரியாத மனிதரைப் பற்றி வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவளும் அதையே கேட்டாள், "அப்புறம் என்ன ஆனாராம்?"

விசாரணை நாளன்று நீதிமன்ற வாசலில் ஒரே கூட்டம். என்னவென்று எட்டிப் பார்த்தால், பஞ்சக்கா! குட்டியின் மெத்தையைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள், காவலாளி கையை விரித்து மறித்துக்கொண்டு நிற்கிறார்.

"என்னக்கா இது கூத்து?"

"மெத்தை இல்லைன்னுதானே சொன்னாங்க? இதோ இருக்கு. ஐயாமாருங்க மூணு பேரும் தொட்டுப் பார்க்கட்டும். வேணும்னா படுத்தே பார்க்கட்டும்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "மேல்கோர்ட்ல பொருளைப் பார்க்க மாட்டாங்க. உங்களையே பார்க்க மாட்டாங்க. கீழ்க்கோர்ட்ல என்ன பதிவாச்சோ அது மட்டும்தான். அந்த முடிவு எடுத்த முறை சரியா தப்பான்னுதான் பார்ப்பாங்க."

"எம் புள்ளை எங்க தூங்குதுன்னு சொல்லப் போறவங்க, அது தூங்குற மெத்தையைப் பார்க்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"விசித்திரமா இருக்கே" என்றாள். கோபம் இல்லை, நிஜமாகவே அதிசயப்பட்டாள். காவலாளி பெரிய மனசு பண்ணி மெத்தையைத் தன் அறையில் போட்டுக்கொண்டார். திரும்பி வரும்போது பார்க்கிறேன், மனிதர் அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே நலத்துறையின் வக்கீல் கொஞ்ச நேரம்தான் பேசினார். கெட்டிக்காரர். குழந்தைகள் விஷயத்தில் துறைக்குத்தான் அனுபவம் உண்டு, அதிகாரி நேரில் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார், நீதிமன்றம் அதில் தலையிடக்கூடாது என்றார். இதே மேல்கோர்ட்டே அப்படிச் சொன்ன இரண்டு தீர்ப்புகளையும் எடுத்து நீட்டினார். வக்கீலம்மா எழுந்து கண்பார்வை போனவரின் வழக்கைச் சொன்னார். வலது பக்கம் இருந்த நீதிபதி ஒரு பெண். அதுவரை எழுதிக்கொண்டே இருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அதிகாரி கொல்லையில பஞ்சு கிடந்ததைப் பார்த்திருக்காங்க. அறிக்கையில எழுதியும் இருக்காங்க. பஞ்சு ஏன் அங்கே கிடக்குதுன்னு கேட்டாங்களா?" என்று துறை வக்கீலைக் கேட்டார்.

"கேட்கணும்னு விதி எதுவும் இல்லைங்க."

"கேட்கக்கூடாதுன்னு ஏதாவது விதி இருக்கா?"

துறை வக்கீல் தன் கட்டைப் புரட்டத் தொடங்கினார். பின் வரிசையில் இருந்த பஞ்சக்கா என் முழங்கையை இடித்து, "இந்தம்மா நம்ம ஆளு தம்பி" என்று காதைக் கடித்தாள். கோர்ட்டில் பேசாதீர்கள் என்று நான் கண்ணை உருட்டினேன். அவளா கேட்கிறவள்!

சில வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. நான் படி எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கடைக்கே போனேன். பஞ்சக்கா கழியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"ஜெயிச்சோமா தோத்தோமா?"

"ரெண்டும் இல்லக்கா."

"ஐயோ, புள்ளை இருக்கா போறாளா, அதைச் சொல்லுங்க தம்பி!"

அதைத்தான் தீர்ப்பு சொல்லவில்லை. துறையின் ஆணை ரத்து. கீழ்க்கோர்ட்டின் தீர்ப்பும் ரத்து. ஆனால் பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்பதைத் துறைதான் மறுபடி முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன்னால் வீட்டை மறுபடி பார்க்க வேண்டும், பார்த்ததைப் பற்றி வளர்ப்பவரிடம் கேட்க வேண்டும், குழந்தையிடமும் அதன் வயசுக்குத் தக்கபடி கேட்க வேண்டும். வரி வரியாகப் படித்துச் சொன்னேன். அவள் பக்கத்தில் இருந்த மூட்டையின் மேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ அதே அம்மா மறுபடி வருவாங்களா?"

"அனேகமா அவங்கதான் வருவாங்க."

"பிடிக்கலைன்னு மறுபடி எழுதினா?"

"எழுதலாம். கேட்டுட்டு எழுதினா சட்டப்படி சரிதான்" என்றேன். அதைச் சொன்னதும் எனக்கே என் தொழில் மேல் வெறுப்பு வந்தது.

அதிகாரி வருகிற அன்று நான் அந்த வீட்டில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. வக்கீலம்மா போகச் சொல்லவும் இல்லை. ஆனாலும் போனேன். தீர்ப்பு ஒரு வீட்டுக்குள் போய் என்னதான் செய்கிறது என்று ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. தீர்ப்பின் படியையும் கையில் வைத்துக்கொண்டு, பெரிய வேலையாக வந்தவன் மாதிரி மூலையில் நின்றேன்.

கடைக்குப் பின்னால் ஒரே அறை, ஒரு சமையல் இடம், ஒரு கொல்லை. எல்லாம் துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். ஒரு துணுக்குப் பஞ்சு இல்லை. இரண்டு கட்டில்களிலும் மெத்தை விரித்து, விரிப்பு ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இழுத்துச் செருகியிருந்தது. குட்டி தன் கட்டிலின் ஓரத்தில் காலை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தாள். ஏழு வயசுப் பிள்ளை காலை ஆட்டாமல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அதிகாரியம்மா வந்தார். நான் ஏதோ கொம்பு முளைத்த ஆளை எதிர்பார்த்திருந்தேன். பார்த்தால், வெயிலில் களைத்துப்போன, செருப்பின் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்த ஒரு நடுத்தர வயசுக்காரி. தீர்ப்பு அவரை நன்றாகவே பயமுறுத்தியிருந்தது. கண்ணில் பட்டதை எல்லாம் கேட்டார்.

"இந்தக் கழி எதுக்கு?"

"பஞ்சு அடிக்கம்மா."

"குழந்தையை அடிக்க இல்லையே?"

"ஐயய்யோ, என்னம்மா கேக்குறீங்க!"

"கேக்கச் சொல்லியிருக்காங்கம்மா, கேட்டுத்தான் ஆகணும். அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம்?"

"தெருங்க."

பஞ்சக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதிகாரியும் லேசாகச் சிரித்தார். மெத்தையை அழுத்திப் பார்த்தார், குட்டியின் பள்ளிப் புத்தகங்களைப் பார்த்தார். கடைசியாக, "குழந்தையோட துணியெல்லாம் எங்க வெக்கிறீங்க?" என்றார்.

"அலமாரியில கீழ்த்தட்டு அவளோடதுதாம்மா" என்று பஞ்சக்கா பெருமையோடு கதவைத் திறந்துவிட்டாள்.

கீழ்த்தட்டு காலி. ஒரு கைக்குட்டைகூட இல்லை.

பஞ்சக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "காலையில நானே அடுக்கி வெச்சேனே... என் கையாலதானே அடுக்கினேன்" என்றாள். அதிகாரியின் பேனா காகிதத்துக்குப் போய்விட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். குழந்தைக்குத் துணி இல்லை என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும், மறுபடி முதலிலிருந்து. கையில் இருந்த தீர்ப்பை என்னை அறியாமல் கசக்கிக்கொண்டிருந்தேன்.

பேனா பாதியில் நின்றது. அதிகாரி குனிந்து குட்டியைப் பார்த்தார்.

"உன் சட்டையெல்லாம் எங்கம்மா இருக்கு?"

குட்டி கட்டிலில் இருந்து இறங்கினாள். கட்டிலுக்கு அடியில் கையை விட்டு ஒரு நீலப் பையை இழுத்தாள். அதன் மேல் நலத்துறையின் முத்திரை பாதி அழிந்து போயிருந்தது. ஜிப்பைத் திறந்து காட்டினாள். சட்டை, பாவாடை, துண்டு, பல் துலக்கும் பிரஷ், எல்லாம் மடித்து அடுக்கி இருந்தது.

"ஏன் பையில எடுத்து வெச்சிருக்க?"

"நீங்க வந்தா கிளம்பணும்ல?"

குட்டியே தொடர்ந்து சொன்னாள், "இதுக்கு முன்னாடி இருந்த வீட்டுல நீங்க வந்தப்போ நான் எடுத்து வெக்கல. அப்புறம் அவசரத்துல என் செருப்பை விட்டுட்டு வந்துட்டேன். அதான் இங்க நீங்க வரீங்கன்னு சொன்னா எடுத்து வெச்சிடுவேன். போன தடவையும் வெச்சேன். நீங்க கேக்காமலே போயிட்டீங்க."

பஞ்சக்கா வாயைப் பொத்திக்கொண்டு சமையல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, வழக்கைப் பற்றி மூச்சு விடவில்லை என்று பஞ்சக்கா என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்!

அதிகாரியம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இப்போ கிளம்பணுமா?" என்று குட்டி கேட்டாள்.

"உனக்கு எங்க இருக்கணும்?"

"இங்க."

"அப்போ கிளம்ப வேணாம்மா. இங்கேயே இரு."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

குட்டி யோசித்தாள். "எழுதிக் குடுப்பீங்களா?"

அந்த இடத்திலேயே அப்படி எழுதித் தர அதிகாரிக்கு அதிகாரம் கிடையாது. அறிக்கை போக வேண்டும், மேலே ஒருவர் பார்க்க வேண்டும், அதன் பிறகுதான் ஆணை. அந்த ஆணை வந்தது, அடுத்த மாதம் முறைப்படி முத்திரையோடு வந்தது. ஆனால் அன்று இதையெல்லாம் விளக்கிச் சொல்ல வேண்டிய ஆள் அந்த அறையில் நான் ஒருவன்தான். என் வாழ்க்கையில் முதல் தடவையாக, தெரிந்த சட்டத்தைச் சொல்லாமல் நின்றேன். அதிகாரி ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்து, முழங்காலில் வைத்து, பெரிய பெரிய எழுத்தாக எழுதினார். கீழே கையெழுத்தும் போட்டார்.

குட்டி வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தாள். பிறகு பையைத் தூக்கி மெத்தையின் மேல் கவிழ்த்தாள். உள் பக்கத்தில் கையை விட்டு எதுவும் மிச்சமில்லை என்று துழாவிப் பார்த்துவிட்டு, காலிப் பையை அதிகாரியிடம் நீட்டினாள்.

"இது உங்க பை. எடுத்துட்டுப் போங்க."